வெந்நீரில் பிரிந்த ஐம்பது காசு

எண்பதுகளின் தொடக்கம். ஈப்போ குனோங் ராபாட்டில், சுண்ணாம்பு மலைக்குக் கீழே வரிசையாகக் கட்டியிருந்த வீடுகளில் ஒன்றில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். நான், என் வீட்டுக்காரர், அப்போதுதான் தவழ ஆரம்பித்திருந்த எங்கள் மகள். அந்த வீட்டில் ஒரு வெள்ளிக்கிழமை நடந்ததைத்தான் சொல்லப் போகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. ரப்பர் தோட்டத்தில் இருந்தவரை அட்டைக்குப் பயம், மாட்டுக்குப் பயம், கணக்கு எழுதுகிற கிராணியின் சைக்கிள் மணிக்குப் பயம். கல்யாணமாகி டவுனுக்கு வந்த பிறகு சாலையைக் கடக்கப் பயம், கேஸ் அடுப்பைப் பற்ற வைக்கப் பயம். மலையைப் பார்த்தால், அது வீட்டின் மேல் சரிந்துவிடுமோ என்று ஒரு பயம். இப்படிப்பட்டவளிடம்தான் ஒரு பொல்லாத காசு வந்து மாட்டியது.

என் வீட்டுக்காரர் பிறந்து வளர்ந்து வேலை செய்ததெல்லாம் காம்பார் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில். அந்தத் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது வேலை போனது, தோட்டம் கொடுத்திருந்த லயத்து வரிசை வீடும் போனது. கைக்கு வந்த நஷ்டஈட்டோடு என் கல்யாணச் சங்கிலியையும் சேர்த்து, பழைய சின்ன லோரி ஒன்று வாங்கினார். வீடு கட்டும் இடங்களுக்கு மணலும் செங்கல்லும் ஏற்றினார். எங்களுக்கு இருந்த ஒரே சொத்து அந்த லோரிதான். அது ஓடினால் உலை கொதிக்கும், ஓடாவிட்டால் கொதிக்காது.

தோட்டம் கலைந்த பிறகு ஆட்கள் நாலா பக்கமும் சிதறிவிட்டார்கள். அதனால் பழைய தோட்டத்து ஆள் ஒருவரை டவுனில் பார்த்துவிட்டால் போதும், கூடப் பிறந்தவரைப் பார்த்த மாதிரி இருக்கும். எந்த லயம், எத்தனாவது வீடு, யார் மகன் என்று கேட்டு முடிப்பதற்குள் கண் கலங்கிவிடும். அப்படித்தான் ஒரு நாள் கோப்பிக் கடையில் அவரைச் சந்தித்திருக்கிறார் என் வீட்டுக்காரர். வயதில் மூத்தவர், தோட்டத்தைவிட்டு வெகுகாலத்துக்கு முன்பே கோலாலம்பூர் போய்விட்டவர். பெயர் வேண்டாம், தோட்டத்து அண்ணன் என்றே சொல்கிறேன். நல்ல சட்டை, நல்ல செருப்பு, வாய் நிறைய "தம்பி, தம்பி".

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். கூடவே ஒரு ஆள், கார் ஓட்டிக்கொண்டு வந்தவர். அந்த ஆள் ஒரு வார்த்தை பேசவில்லை. தோட்டத்து அண்ணன் சட்டைப் பையிலிருந்து பஞ்சுப் பொட்டலம் ஒன்றை எடுத்துப் பிரித்தார். உள்ளே ஓர் ஐம்பது காசு. அவர் அதைத் தொடாமல், பஞ்சோடு சேர்த்துத் திருப்பிக் காட்டினார்.

நம் ஐம்பது காசில் அப்போதெல்லாம் ஒரு பக்கம் நாடாளுமன்றக் கட்டடம் இருக்கும், மறு பக்கம் ஐம்பது என்ற எண் இருக்கும். இந்தக் காசில் எண்ணே இல்லை. இரண்டு பக்கமும் கட்டடம்தான்.

"மெஷின் செஞ்ச தப்பு தம்பி. லட்சத்துல ஒண்ணு இப்படி விழும். சிங்கப்பூர்ல இதுக்குன்னு ஆளுங்க இருக்காங்க. இதை வித்தா நீ ஒரு வீடே வாங்கலாம் லா."

மடித்து வைத்திருந்த ஆங்கிலப் பேப்பர் விளம்பரம் ஒன்றையும் காட்டினார். தப்பாக அச்சான காசுகளை நல்ல விலைக்கு வாங்குகிறோம் என்று அதில் இருப்பதாகச் சொன்னார். எங்கள் இருவருக்கும் ஆங்கிலம் தெரியாது, தலையாட்டினோம். நீங்களே விற்கலாமே அண்ணே என்று வீட்டுக்காரர் கேட்டதற்கு, பதிலைத் தயாராக வைத்திருந்தார். காசு அச்சடிக்கிற இடத்தில் இருந்த ஒருவர் மூலமாகத் தனக்கு இது வந்ததாம். தான் விற்றால் கேள்வி வரும். மணல் லோரி ஓட்டுகிறவன் விற்றால், சில்லறையில் வந்தது என்று சொல்லிக்கொள்ளலாம். அவருக்கு இப்போது அவசரமாக ஒரு லோரி வேண்டும். ஆக, பதிவுப் புக்கில் லோரியை அவர் பேருக்கு மாற்றிக் கொடுத்தால் காசு எங்களுக்கு.

நான் அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் சொல்வது உண்மையாக இருந்தால் அது திருட்டுச் சாமான், பொய்யாக இருந்தால் நாங்கள் மொட்டை. இரண்டில் எதுவானாலும் எங்களுக்கு என்ன நல்லது? ஆனால் ஆம்பளைகள் பேசும்போது நடுவில் போய்ப் பேசும் துணிச்சல் எனக்கு ஏது?

போகும்போது அந்தக் காசை எங்களிடமே விட்டுவிட்டுப் போனார். "நம்ம தோட்டத்து ஆளு, உன்னை நம்பாம யாரை நம்புறது? வெள்ளிக்கிழமை சாயந்திரம் வாரேன், லோரி புக்கு ரெடியா வெச்சிரு. கையால தொடாதீங்க, தண்ணி படக் கூடாது, கீழ போட்டுறாதீங்க. யார்கிட்டயும் காட்டாதீங்க. இதுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா?"

"என் பொறுப்புண்ணே," என்றார் என் வீட்டுக்காரர். கார்க்கார ஆள் முதல் தடவையாக நிமிர்ந்து அவரைப் பார்த்தான்.

என் வீட்டுக்காரரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வாய் தவறிச் சொன்னால்கூட அதைக் காப்பாற்றுகிற ஆள். அது நல்ல குணம்தான், ஆனால் அன்றைக்கு எனக்கு அதுவே பெரிய பயமாகிவிட்டது. அவர்கள் போன பிறகு "வேணாங்க, எனக்குப் பயமா இருக்கு" என்றேன். "உனக்கு எதுக்குத்தான் பயம் இல்ல? நம்ம தோட்டத்து ஆளு ஏமாத்துவாரா?" என்று சிரித்தார். காசைப் பஞ்சோடு சாமி மேடையில் லட்சுமி படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார்.

வெள்ளிக்கிழமை வந்தது. வீட்டுக்காரர் விடிந்ததும் லோரியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வெள்ளிக்கிழமை என்றால் எனக்கு விளக்கு தேய்க்கிற நாள். உலகமே புரண்டாலும் அதை விடமாட்டேன். குத்துவிளக்கு, தூபக்கால், மணி, குங்குமச் சிமிழ் எல்லாவற்றையும் எடுத்து வந்து, பின்கட்டில் குழாயடியில் பெரிய பேசினில் போட்டேன். எண்ணெய்ப் பிசுக்கு சுலபமாக விடட்டும் என்று வெந்நீரில் புளியைக் கரைத்து ஊற்றினேன். லட்சுமி படத்தை நான் தொடவே இல்லை. குழந்தை அழுதது. போய்ப் பால் கொடுத்துத் தூங்க வைத்துவிட்டு வந்து, தேங்காய் நாரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

குங்குமச் சிமிழை எடுத்து மூடியைத் திறந்தேன். மிச்சக் குங்குமத்தைக் கொட்டாமலே போட்டிருக்கிறேன், உள்ளே சிவப்புத் தண்ணீர். அதற்குள் என்னவோ கிடந்தது. விரலைவிட்டு எடுத்தேன். வட்டமாக ஒரு வெள்ளைத் தகடு. திரும்ப விரலைவிட்டால் இன்னொன்று வந்தது.

அதன் மேல் நாடாளுமன்றக் கட்டடம் இருந்தது.

பிறகு அவர் சொல்லித்தான் தெரிந்தது: லட்சுமி படத்துக்குப் பின்னால் இருந்தால் பல்லி தட்டிவிடும் என்று, முந்தின நாள் சாயந்திரம் அவர்தான் காசை எடுத்துச் சிமிழுக்குள் வைத்திருக்கிறார். குங்குமத்தில் இருந்தால் லட்சுமி கடாட்சம் என்றும் நினைத்திருக்கிறார். என்னிடம் சொல்ல மறந்துவிட்டார். கையால் தொடாதே, தண்ணீர் படக் கூடாது என்று சொன்ன காசை நான் வெந்நீரில் ஊற வைத்து, புளி போட்டு, இரண்டாக உடைத்துவிட்டேன்.

எனக்குக் காது அடைத்துவிட்டது. நிஜமாகவே அடைத்தது. குழாயில் தண்ணீர் கொட்டுவது தெரிகிறது, சத்தம் கேட்கவில்லை. ஒரு வீட்டு விலை பெறும் காசு இது. ஏதாவது ஆனால் என் பொறுப்பு என்று அவர் வாயால் சொல்லியிருக்கிறார். சாயந்திரம் வருவார்கள், காசு எங்கே என்பார்கள், லோரியை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். காசும் இருக்காது, லோரியும் இருக்காது. பிள்ளையை எடுத்துக்கொண்டு காம்பாரில் அம்மா வீட்டுக்கு ஓடிவிடலாமா என்று நினைத்தேன். சோற்றுப் பருக்கையை நசுக்கி ஒட்டிவிடலாமா என்று நினைத்தேன். கடைசியில், அவர்கள் காலில் விழுவதுதான் ஒரே வழி என்று முடிவு செய்தேன். என்ன சொல்லி அழுவது என்று வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டேன். "அறிவில்லாம செஞ்சிட்டேண்ணே, என் தப்புதான்."

சொல்லிக்கொண்டே, ஒட்டினால் ஒட்டுமா என்று பார்க்க இரண்டு துண்டையும் கையில் எடுத்தேன். ஒன்று கிண்ணம் மாதிரி குழிந்திருந்தது, விளிம்போடு. இன்னொன்று அதற்குள் கச்சிதமாக உட்காரும் மூடி மாதிரி இருந்தது. கிண்ணத்தின் உள்ளே மஞ்சளாக ஏதோ பிசின், ஓரத்தில் உரிந்து சுருண்டிருந்தது. எனக்கு அப்போதும் புரியவில்லை. பயம் மூளைக்கு முன்னால் திரை போட்டுவிடும் போல.

மூடியைத் திருப்பினேன். உள்பக்கம் அரம் போட்டுத் தேய்த்த கோடுகள். அந்தக் கோடுகளுக்கு அடியில், பாதி தேய்ந்து, பாதி தேயாமல், ஐம்பது என்ற எண் இருந்தது.

காசில் இல்லவே இல்லை என்று சொன்ன எண், காசின் வயிற்றுக்குள் இருந்தது.

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இருந்தாலும் என் பயந்த மனசு விடுமா? மெஷின் தப்பாக அடித்த காசு என்றால் அது இப்படித்தான் பிரியுமோ என்று அதுவே அவர்களுக்கு வக்கீலாக வந்தது. பால்காரருக்கு வைத்திருந்த சில்லறையில் ஓர் ஐம்பது காசை எடுத்து, அதே புளித் தண்ணீரில் போட்டேன். மறுபடி வெந்நீர் ஊற்றினேன். நாரால் தேய் தேய் என்று தேய்த்தேன். சிமிட்டித் தரையில் போட்டேன், கணீரென்று சத்தம் வந்து சுற்றிச் சுற்றி உருண்டது. ஒன்றும் ஆகவில்லை, முன்னைவிடப் பளபளப்பாக இருந்தது, அவ்வளவுதான். ஒரே தகட்டில் அடித்த காசு எப்படி இரண்டாகப் பிரியும்? மெஷின் எங்கே வேண்டுமானாலும் தப்பு செய்யட்டும், காசுக்கு உள்ளே போய் எண்ணை அடித்துவிட்டு, அதை அரம் போட்டு அழித்துவிட்டு, பிசின் வைத்து ஒட்டுமா? இரண்டு காசைக் கடைந்து ஒன்றாக்கியிருக்கிறார்கள்.

முதலில் இருந்த பயம் போனது. அதைவிடப் பெரிய பயம் வந்தது. இது பொய்க் காசு என்று எனக்குத் தெரிந்துவிட்டது, சரி. ஆனால் உடைந்திருப்பதை அவர்கள் முதலில் பார்த்தால்? நல்ல காசை உடைத்துவிட்டாய் என்று சத்தம் போடுவார்கள். என் வீட்டுக்காரர் உள்பக்கத்தைப் பார்க்க மாட்டார், தன் வாயால் சொன்ன சொல்லைத்தான் பார்ப்பார். லோரி புக்கை எடுத்து நீட்டிவிடுவார். எப்படியாவது அவருக்கு முதலில் சொல்ல வேண்டும். அப்போது எங்களிடம் போன் ஏது? அவர் எந்த இடத்தில் மணல் கொட்டிக்கொண்டிருக்கிறார் என்றுகூட எனக்குத் தெரியாது.

இரண்டு துண்டையும் துடைத்து, சிமிழில் புதுக் குங்குமம் போட்டு அதில் வைத்து, சாமி மேடையில் கொண்டுபோய் வைத்தேன். விளக்குகள் பின்கட்டில் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. சாயந்திரம்தானே வருவார்கள், அதற்குள் இவர் வந்துவிடுவார் என்று சாமியைக் கும்பிட்டுக்கொண்டேன்.

மத்தியானம் கார் வந்து நின்றது.

சன்னல் வழியாகப் பார்த்தேன், அதே கார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்கு ஓடினேன். பக்கத்து வீட்டில் ஒரு சீன ஆன்டி இருந்தார், என் மகள் மேல் உயிராக இருப்பார். குட்டைச் சுவருக்கு மேலே பிள்ளையை நீட்டி, "ஆன்டி, தொலோங் ஜாகா செக்கெஜாப்" என்றேன், கொஞ்ச நேரம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று. அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் வாங்கிக்கொண்டார். பிள்ளை என் கையைவிட்டுப் போனதும்தான் எனக்கு அழுகை வந்தது. துடைத்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்தேன்.

தோட்டத்து அண்ணனும் அந்த ஆளும் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்கள். அண்ணனிடம் பீர் வாடை வந்தது. "தம்பி வரட்டும், காத்திருக்கோம். அதுக்குள்ள அந்தக் காசைக் கொஞ்சம் எடுத்துட்டு வா தங்கச்சி. பத்திரமா இருக்கான்னு பாத்துக்கிறேன்."

அப்போது என் வாயில் எப்படி அந்த வார்த்தை வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"அது சாமி மேடையில இருக்குண்ணே. நான் இப்ப அந்தப் பக்கம் போகக் கூடாது."

அவருக்கு ஒரு நொடி புரியவில்லை. புரிந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாதாமாதம் மூன்று நாள் சாமி அறைக்குப் போகக் கூடாதவளிடம் எந்தத் தமிழ் ஆம்பளை மேற்கொண்டு கேள்வி கேட்பான்? எத்தனையோ நாள் என்னை மூலையில் உட்கார வைத்த அந்தக் கட்டுப்பாடு அன்றைக்கு எனக்குக் கதவாக நின்றது. ஆனால் அந்தக் கதவு அதிக நேரம் நிற்கவில்லை. கார்க்கார ஆள் அவரைப் பார்த்து லேசாகத் தலையை அசைத்தான்.

"சரி, நானே எடுத்துக்கிறேன்," என்று எழுந்தார் அவர்.

"கால் கழுவிட்டுப் போங்கண்ணே. வெள்ளிக்கிழமை," என்றேன். வேறு என்ன சொல்ல? பீர் குடித்துவிட்டு வந்தது அவருக்கே உறுத்தியிருக்க வேண்டும். சரி என்று பின்கட்டுக்குப் போனார். போன பிறகுதான் எனக்கு நினைவு வந்தது. தேய்த்த விளக்குகள் அங்கேதான் வரிசையாகக் காய்கின்றன.

குழாய்ச் சத்தம் நின்றது. "ஏன் தங்கச்சி, யாரு விளக்கு தேச்சா?"

பொய் சொல்லத் தெரியாதவள் ஒரு பொய் சொன்னால் இதுதான் கதி. விலக்கான பெண் விளக்கைத் தொடலாமா?

"அவருதாண்ணே. காலையில தேச்சு வெச்சிட்டுப் போனாரு."

தோட்டத்து அண்ணன் சிரிக்க ஆரம்பித்தார். ஈரக் காலோடு கூடத்துக்கு வந்து, தொடையைத் தட்டிச் சிரித்தார். "அவனா? விளக்கு தேய்க்கிறானா? தோட்டத்துல இருந்தா அவனைப் பந்து விளையாடக்கூட சேத்திருக்க மாட்டோம் லா." அந்த ஆளிடம் அதையே திரும்பச் சொல்லிச் சிரித்தார். அவன் சிரிக்கவில்லை. அந்தச் சிரிப்பு முடிவதற்குள் தெருமுனையில் எங்கள் லோரியின் சத்தம் கேட்டது. அந்தக் கரகர சத்தம் அவ்வளவு இனிப்பாக எனக்கு அதற்கு முன்னாலும் கேட்டதில்லை, பின்னாலும் கேட்டதில்லை.

வீட்டுக்காரர் உள்ளே நுழைந்ததும் தோட்டத்து அண்ணன் விடவில்லை. "என்னடா தம்பி, வீட்டுல விளக்கெல்லாம் நீதான் தேய்க்கிறியாம்?"

அவர் என்னைப் பார்த்தார். ஜென்மத்தில் அவர் ஒரு விளக்கையும் தொட்டதில்லை. நான் பொய் பேசி அவர் கேட்டதும் இல்லை. என் முகத்தில் என்ன இருந்ததோ தெரியாது.

"ஆமாண்ணே. தேச்சா என்ன?" என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்காக அவருக்கு நான் இன்றும் கடன்பட்டிருக்கிறேன். எதற்கு என்று தெரியாமலே என் பொய்யைத் தன் தோளில் வாங்கிக்கொண்டார்.

"காசை எடுத்துட்டு வா, வேலைய முடிச்சிருவோம்," என்றார் அண்ணன். வீட்டுக்காரர் சாமி அறைப் பக்கம் திரும்பினார். நான் கூடவே போய்க் காதில் சொல்ல முடியாது, நான்தான் அந்தப் பக்கம் போகக் கூடாதவள் ஆயிற்றே. என் பொய் என்னையே கட்டிப்போட்டுவிட்டது. அவர் சாமி அறைத் திரைக்குப் பின்னால் போய்விட்டார். சிமிழைத் திறப்பார், இரண்டு துண்டைப் பார்ப்பார், நெஞ்சு உடைந்து வெளியே வந்து லோரியைக் கொடுத்துவிடுவார். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

இருந்த இடத்திலிருந்தே சத்தமாகச் சொன்னேன். "சிமிழ்ல இருக்குங்க. திருப்பிப் பாத்து எடுங்க."

கார்க்கார ஆள் என்னை ஒரு பார்வை பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன். உள்ளே சிமிழ் மூடி மேடையில் உருளும் ஓசை கேட்டது. அதற்குப் பிறகும் அவர் வரவில்லை.

திரை விலகியது. வீட்டுக்காரர் கையை மூடிக்கொண்டு வந்தார். முகம் வெளுத்திருந்தது. "லோரி குடுக்கலண்ணே," என்று சொல்லிக் கையைத் திறந்தார்.

தோட்டத்து அண்ணன் துண்டுகளைப் பார்த்த உடனே குரல் மாறிவிட்டது. தயங்கவே இல்லை, பாடம் ஒப்பிப்பது மாதிரி வந்தது. "உடைச்சிட்டியா? என் பொறுப்புன்னு சொன்னியேடா. இப்ப லோரி குடு. அது போக மிச்சத்துக்கு என்ன வழி?" அந்த ஆள் எழுந்து போய் வாசலை மறித்துக்கொண்டு நின்றான். முதல் தடவையாகப் பேசினான். "புக்கை எடுத்துட்டு வா."

எனக்கு உயிர் போய்விட்டது. இவரை அடித்துப்போட்டுவிடுவார்கள் என்றே நினைத்தேன். என் வீட்டுக்காரர் புக்கை எடுக்கப் போகவில்லை.

"உடைச்சது நாங்கதான். இல்லேன்னு சொல்லல. வாங்க, போலீஸ் ஸ்டேஷனுக்குப் போலாம். நானே சொல்றேன், நான்தான் உடைச்சேன்னு. இந்த ரெண்டையும் அவங்க மேசையில வெப்போம். எவ்வளவு கட்டச் சொல்றாங்களோ, லோரிய வித்துக் கட்டுறேன்."

துண்டைத் திருப்பி, தேய்ந்த ஐம்பது மேலே தெரியும்படி பிடித்துக்கொண்டிருந்தார். அண்ணன் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து வாசலில் பிள்ளை வீரிட்டது. சீன ஆன்டி என் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, வாசலை மறித்து நின்றவனுக்குப் பின்னால் வந்து நின்று, "ஆடா ஆப்பா?" என்று கேட்டார், என்ன விஷயம் என்று. அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு வீட்டு ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

வாசலில் நின்றவன்தான் முதலில் நகர்ந்தான். தோட்டத்து அண்ணன் என் வீட்டுக்காரர் கையிலிருந்து இரண்டு துண்டையும் பிடுங்கிக்கொண்டார். "தோட்டத்து ஆளுன்னு நம்பினேன் பாரு," என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் விரலெல்லாம் குங்குமம்.

கார் போன பிறகு என் வீட்டுக்காரர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டுச் சொன்னார்: "நீ முன்னாடியே அழுதிருந்தா குடுத்திருப்பேன். நீ உடைச்சிட்டேன்னு சொல்லி அவங்க கால்ல விழுந்திருந்தா, அந்தத் துண்டை நான் பாத்திருக்கவே மாட்டேன்." காலையில் நான் ஒத்திகை பார்த்தது அதைத்தான் என்று அவரிடம் சொன்னேன். இரண்டு பேரும் சிரித்தோம், கூடவே அழுதோம்.

அதற்குப் பிறகு பல மாதம் வாசலில் கார் வேகம் குறைந்தால் கதவைத் தாழ்போட்டுவிடுவேன். அவர்கள் திரும்பி வரவே இல்லை. வேறு எங்கேயோ போயிருந்தார்கள்.

அது எங்கே என்று சில வருடம் கழித்துத் தெரிந்தது. ஈப்போ சிலிபினில் ஒரு கல்யாண விருந்தில், எனக்கு எதிரில் ஓர் அக்கா உட்கார்ந்திருந்தார். கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும். பேச்சுவாக்கில், வீட்டில் அடகுக்கு வந்த ஒரு காசைத் தான் கை தவறிக் கீழே போட்டு உடைத்துவிட்டதாகச் சொன்னார். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிற அபூர்வக் காசாம். அதைக் கொண்டுவந்த ஆளின் காலில் விழுந்து அழுதாராம். நகையெல்லாம் கொடுத்துத் தீர்த்தார்களாம். வீட்டுக்காரர் இன்னும் சரியாக முகம் கொடுத்துப் பேசுவதில்லையாம். "என் கை ராசியில்லாத கை தங்கச்சி," என்று கையை மடியில் மறைத்துக்கொண்டார்.

"அக்கா, உள்பக்கம் ஐம்பதுன்னு எண் இருந்துச்சா?" என்றேன்.

"உள்பக்கமா? அதை யாரு பாத்தா? உடைஞ்சிட்டதேங்கிற பயத்துல எனக்குக் கண்ணே தெரியல லா."

எல்லாவற்றையும் அவருக்குச் சொன்னேன். அவர் அழவில்லை, கோபப்படவும் இல்லை. மறைத்து வைத்த கையை வெளியே எடுத்து, புதிதாகப் பார்ப்பது மாதிரி பார்த்துக்கொண்டே இருந்தார். அவர்களுக்கு வேண்டியிருந்தது காசு உடைவதுதான் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. அதனால்தான் அதை வீட்டில் விட்டுவிட்டுப் போகிறார்கள். மிச்சத்தை நம் பயம் செய்து கொடுத்துவிடும்.

இப்போது என் மகள் கைப்பேசியில் இதையெல்லாம் காட்டுகிறாள். பிழையான காசு, அபூர்வக் காசு, இத்தனை ஆயிரம் என்று இணையத்தில் யார் யாரோ விற்கிறார்கள். முன்பக்கமும் பின்பக்கமும் அழகாகப் படம் பிடித்துப் போடுகிறார்கள். விளிம்பை ஒட்டி உள்ளே மயிரிழை மாதிரி ஒரு கோடு தெரிகிறதா பார், தரையில் தட்டினால் கணீர் என்கிறதா கேள், விற்கிறவன் அவசரப்படுத்துகிறானா பார் என்று அவளுக்குச் சொல்லியிருக்கிறேன். காசைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

என்னைப் பற்றித் தெரிந்துகொண்டது கொஞ்சம் அதிகம். என் பயம் என்னைவிட்டுப் போகவில்லை, இந்த வயதிலும் சாலையைக் கடக்க யாராவது கையைப் பிடிக்க வேண்டும். ஆனால் என் கையில் எது உடைந்தாலும், எவ்வளவு பெரிய ஆள் எதிரில் நின்று முறைத்தாலும், மன்னிப்புக் கேட்பதற்கு முன்னால் உடைந்ததை ஒரு தடவை திருப்பிப் பார்க்கிறேன்.